கொடியில் காய்ந்த சாட்சி

சந்தேகப்படுவதில் ஒரு வசதி இருக்கிறது. எதுவும் தெரியாமலே எல்லாம் தெரிந்தவன் போல இருக்கலாம். ஒரு புருவத்தை மட்டும் தூக்கி, "அப்படியா சொல்றாங்க?" என்று இழுத்தால் போதும். எதிரில் இருப்பவர், தான் நிற்கிற தரையையே ஒருமுறை குனிந்து பார்த்துக்கொள்வார்.

இந்த வசதியை நான் பல வருடங்கள் அனுபவித்தேன். சாயங்காலமானால் கோவை உக்கடம் பக்கம் ஒரு பேக்கரி. வெளியே பிளாஸ்டிக் நாற்காலிகள், கையில் டீ, தட்டில் தேங்காய் பன். எதிரில் ரஃபீக் பாய். ஒப்பணக்கார வீதியில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் அவரும் கவிதை எழுதிக்கொண்டிருக்கும் நானும் சேர்ந்து, உலகத்தில் அன்றன்று கண்டுபிடிக்கப்பட்டவற்றை அன்றன்றே ரத்து செய்துகொண்டிருந்தோம். நிலாவின் பின்பக்கத்துப் படம் வந்தால், "நிழல் ஒரு பக்கமா விழலையே பாய்" என்பேன். ரோபோ நடனமாடினால், "உள்ளே ஆள் இருக்குதுங்க" என்பார் அவர். இறந்துபோன பாடகரின் குரலில் புதுப்பாட்டு வந்த அன்று மட்டும் இருவரும் பேசவில்லை. அது நன்றாக இருந்தது. அதுதான் பயமாகவும் இருந்தது. டீ ஆறி, மேலே ஒரு மெல்லிய ஆடை படர்ந்ததைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். இனி காதையும் நம்பமுடியாது, கண்ணையும் நம்பமுடியாது, மிச்சமிருப்பது நாக்கு ஒன்றுதான் என்று நினைத்து இன்னொரு பன் சொன்னேன்.

அப்போதுதான் பாய் அந்தச் சோதனையைச் சொன்னார்.

"இப்பல்லாம் வீடியோ கால்லயே அடுத்தவன் மூஞ்சியை மாட்டிக்கிட்டு வர்றானுங்களாம். அதுக்கு ஒரே வைத்தியம். மூஞ்சிக்கு முன்னாடி கையை ஆட்டச் சொல்லோணும். பொய் மூஞ்சின்னா கலைஞ்சு போயிரும். நம்ம மச்சான் அனுப்புன வீடியோல போட்டிருந்துச்சு."

(அந்த வீடியோவே நிஜமா என்று நான் கேட்கவில்லை. நமக்குச் சாதகமானதை மட்டும் சந்தேகப்படாமல் விடுவது சந்தேகக்காரர்களின் குலவழக்கம்.)

அதே வாரம் அக்கா மகள் நிவேதாவுக்கு ஒரு வரன் அமைந்தது. ஈரோட்டில் மஞ்சள் மண்டி வைத்திருக்கும் குடும்பம். பையன் கௌதமுக்கு ஜெர்மனியில் வேலை. அலைபேசிச் செயலி வழியாக அறிமுகமாகி, இரண்டு பேரும் சில மாதங்களாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். அக்காவின் கணவர் காலமான பிறகு அந்த வீட்டில் எந்த முடிவானாலும் என் வாயிலிருந்து ஒரு 'சரி' வந்தாகவேண்டும். தாய்மாமன் அல்லவா. அந்த ஒற்றைச் சொல்லின் கனத்தில் நான் கொஞ்சம் நிமிர்ந்தே நடந்துகொண்டிருந்தேன்.

பையனின் படத்தை அக்கா அனுப்பினாள். பெரிதாக்கிப் பார்த்தேன். பனி மூடிய ஒரு மைதானம். வேலிக்கம்பியின் மேல் கை. தோல் மழுமழுவென்று இருந்தது. அந்த மாதிரித் தோலை உண்டாக்கும் செயலிகளின் சூழ்ச்சி எனக்கு அத்துப்படி. என் வாட்ஸாப் படத்துக்காக நானே ஒன்றைப் பயன்படுத்தியிருந்தேன். இன்னும் பெரிதாக்கினேன். வேலியின் மேல் இருந்த விரல்களை எண்ணினேன். ஆறு.

"அக்கா, பையனுக்கு ஆறு விரலா?"

"போடா, அவனே ராசா மாதிரி இருக்கான். உனக்கு எதுல குத்தம் கண்டுபிடிக்கறதுன்னு வெவஸ்தையே இல்ல."

ஆனால் அக்காவின் குரலில் ஒரு துளி சந்தேகம் விழுந்துவிட்டது எனக்குக் கேட்டது. அடுத்த நாள் நிவேதா என்னைத் தேடி வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை, வாசலிலேயே நின்றாள்.

"மாமா, எனக்கு அவரைப் புடிச்சிருக்கு. நீங்க ஒரு வார்த்தை கோணலாச் சொன்னா அம்மா பின்வாங்கிரும். ஞாயித்துக்கெழமை எதையாவது பேசிப்போடாதீங்க. சரின்னு மட்டும் சொல்லுங்க. அவ்வளவுதான்."

"நான் ஏன் கண்ணு பேசப்போறேன்?" என்றேன். அந்த நிமிடம் அதை முழு மனதோடுதான் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை ஈரோட்டிலிருந்து பையனின் அப்பாவும் அம்மாவும் ஒறம்பரைச் சொந்தங்களோடு அக்கா வீட்டுக்கு வந்தார்கள். எங்கள் பக்கம் உப்பும் சக்கரையும் மாற்றிக்கொண்டால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். அதற்கப்புறம் பின்வாங்கினால் ஊரே கேட்கும். பையனுக்கு விடுப்பு கிடைக்கவில்லை. எனவே நிவேதாவின் அலைபேசியைத் தொலைக்காட்சியோடு இணைத்து, மாப்பிள்ளையைச் சுவரில் வரவழைத்திருந்தார்கள். கழுத்துக்கு மேல் பெரிய முகம். கும்பிட்டான். எல்லோரும் திருப்பிக் கும்பிட்டார்கள். சிலர் எழுந்தே நின்றார்கள். (தொலைக்காட்சிக்கு எழுந்து நிற்பது புராணத் தொடர் காலத்தோடு போய்விட்டது என்று நினைத்திருந்தேன்.)

வெள்ளித் தட்டில் சக்கரை. அது என் கையில். எதிரே உப்புத் தட்டோடு பையனின் அப்பா. மாற்றவேண்டியது ஒன்றுதான் பாக்கி.

அப்போதுதான் கவனித்தேன். பையனுக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை. சுவர் இல்லை, சன்னல் இல்லை, அலமாரி இல்லை. நீலகிரிப் பக்கம் காலையில் இறங்கும் மூட்டம் போல ஒரு வெண்புகை மட்டும். அவன் தலையை அசைக்கும்போதெல்லாம் இடது காது காணாமல் போய்த் திரும்பி வந்தது.

என் கால் நகரவில்லை. தட்டைப் பிடித்தபடியே கேட்டேன்.

"தம்பி, உங்களுக்குப் பின்னால ஒன்னுமே தெரியலீங்களே?"

"ரூமுங்க அங்கிள்."

"ரூம்ல செவுரு இல்லீங்களா?"

ஒறம்பரை சிரித்தது. "குளுரு ஊருங்க, பனியா இருக்கும்" என்றார் பையனின் அப்பா. (வீட்டுக்குள்ளேயா?) நிவேதா மட்டும் சிரிக்கவில்லை. வேண்டாம் மாமா என்று கண்ணாலேயே சொன்னாள். நான் அந்தக் கண்ணைப் பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டேன்.

"கண்ணு, சித்தெ மூஞ்சிக்கு முன்னால கையை இப்படி ஆட்டுங்க, பாக்கலாம்."

அவன் விழித்தான். பிறகு, மாமனார் வீட்டில் ஏதோ சம்பிரதாயம் போலிருக்கிறது என்று நினைத்து, பவ்யமாகக் கையைத் தூக்கினான். தோள் வரை வந்த கையின் விரல்களைப் புகை தின்றுவிட்டது. முகத்துக்குக் குறுக்கே வந்தபோது மூக்கில் பாதியைக் காணோம்.

"பாத்தீங்களா! பாத்தீங்களா!" நான் துள்ளிய துள்ளலில் சக்கரை கொஞ்சம் தரையில் சிதறியது. "இது பையனே இல்லீங்க! கம்ப்யூட்டர்!"

பையனின் அம்மா மெதுவாக எழுந்தார்.

"ஏனுங்ணா, வலியெடுத்துப் பெத்தவ நான் இங்க குத்துக்கல்லாட்ட உக்காந்திருக்கறேன். எம்பட பையனக் கம்ப்யூட்டர்ங்கறீங்க?"

நியாயமான கேள்வி. புத்தியுள்ளவன் அங்கே நிறுத்தியிருப்பான். நான் குரலைத் தாழ்த்தி, துக்க வீட்டில் பேசுவது போல, "உங்களையும் ஏமாத்தறாங்கம்மா" என்றேன்.

அந்த அம்மாவின் முகம் வெளுத்தது. சந்தேகம் ஜலதோஷம் மாதிரி. பக்கத்தில் நின்றாலே போதும். அவர் தொலைக்காட்சியை நெருங்கிப் போய், அண்ணாந்து பார்த்தார்.

"சாமி... நீ நெசமாலுமே கௌதமா?"

"அம்மா! என்னம்மா இது?"

"சின்னதுல நீ எங்க உழுந்த, சொல்லு."

"மண்டியில, மஞ்ச மூட்டை மேல இருந்து."

"சரியாத்தான் சொல்றான்" என்று அவர் என்னைப் பார்த்தார்.

"அதெல்லாம் நம்ம போனு கேட்டுக்கிட்டே இருக்குதுங்கம்மா. சேத்து வெச்சுச் சொல்லும்" என்றேன். (அந்த நிமிடம் எனக்கே என்னைக் கண்டு பெருமையாக இருந்தது. இதை மறைத்து என்ன பயன்.)

பையனின் அப்பா உப்புத் தட்டை டீப்பாயில் வைத்துவிட்டார். வைத்த சத்தம் பெரிதாகக் கேட்டது. அக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். நிவேதாவின் கண் கலங்கியிருந்தது. ஆனால் அழவில்லை. திரையைப் பார்த்து, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்.

"கௌதம், பின்னால போட்டிருக்கற ப்ளரை ஆஃப் பண்ணுங்க."

"வேண்டாம் நிவி."

"பண்ணுங்க."

"இல்ல நிவி, ப்ளீஸ்... எல்லாரும் இருக்காங்க..."

நான் புருவத்தை மட்டும் தூக்கினேன். இரண்டு குடும்பங்களும் என் புருவத்தையே பார்த்தன.

"இப்ப பண்ணலைன்னா எப்பவும் பண்ண வேண்டியதில்ல" என்றாள் நிவேதா.

திரையில் புகை விலகியது.

அறைக்குக் குறுக்கே, சுவரிலிருந்து சுவருக்கு ஒரு கொடி. அதில் பனியன்கள், துண்டு, ஒரு லுங்கி, அப்புறம் பெரியவர்கள் முன்னிலையில் பெயர் சொல்லக்கூடாத உருப்படிகள், வண்ணவண்ணமாக, ஈரம் சொட்டச் சொட்ட. அதற்குக் கீழே கழுவாத பாத்திரங்களின் குவியல். ஒரு மூலையில் கயிறுகூட அவிழ்க்காத அட்டைப்பெட்டி. ஐம்பத்தைந்து அங்குலத் திரையில் ஒரு தனி மனிதனின் முழு வாழ்க்கையும் தொங்கிக்கொண்டிருந்தது. கூடத்தில் பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் கூரையைப் பார்த்தார்கள்.

"ஏண்டா!" பையனின் அம்மா கத்தினார். "நான் கொள்ளுப்பொடி அனுப்புன பொட்டி இன்னும் பிரிக்கவே இல்லியா! நல்லா இருக்குது, நல்லா இருக்குதுன்னு தெனமும் சொன்னியேடா!" சொல்லும்போதே அவர் குரல் உடைந்து சிரிப்பாகிவிட்டது. "எம்பையனேதானுங்க! இந்தக் குப்பையை வேற யாராலயும் போட முடியாது!"

பையன் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டான். முகம் கலையவில்லை. விரல்களை எண்ணினேன். சரியாக இருந்தன.

"போட்டோல வேலி மேல இருந்த அந்த ஆறாவது விரல்?" என்று என் வாய் அதுவாகக் கேட்டது.

"அது என் ஃப்ரெண்டுதுங்க அங்கிள்" என்றான் விரல்களுக்கு இடையிலிருந்து. "பக்கத்துல நின்னான். அவனுக்கு முடி ஜாஸ்தி. அதனால படத்துல இருந்து அவனை வெட்டிட்டேன்."

நிவேதா சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்போடு எல்லாம் முடிந்திருக்கலாம். ஆனால் ஈரோட்டு அம்மா லேசில் விடுகிறவர் அல்ல. நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, கைப்பையிலிருந்து தன் அலைபேசியை எடுத்தார்.

"எங்க பையனப் பாத்தாச்சுங்க. இப்ப மாமன் யாருன்னு பாக்கோணுமல்லங்க? பொண்ணோட மாமன் பெரிய கவிஞருன்னு இந்தப் படத்தத்தான் அனுப்புனாங்க." திரையை எல்லோருக்கும் காட்டினார். என் வாட்ஸாப் படம். சுருக்கமில்லாத நெற்றி, கருகருவென்று முடி, எனக்கு எந்தக் காலத்திலும் இருந்திராத ஒரு தாடை. "இவரு எங்கீங்ணா? வரலீங்களா?"

கூடம் ஒருமுறை படத்தைப் பார்த்தது, ஒருமுறை என்னைப் பார்த்தது. அப்புறம் யாரும் யாருக்காகவும் சிரிப்பை அடக்கவில்லை. என் மனைவிதான் முதலில் ஆரம்பித்தாள். "நானும் அவரத்தானுங்க தேடிட்டு இருக்கறேன்!"

"கையை ஆட்டச் சொல்லுங்க அத்தை" என்றான் திரையிலிருந்து மாப்பிள்ளை. அதற்குள் என் மனைவியை அத்தை என்று கூப்பிட அவனுக்குத் துணிச்சல் வந்துவிட்டது.

"ஆட்டுங்ணா" என்றார் அம்மா.

வேறு வழியில்லை. ஒரு கையில் தட்டு. மறு கையை முகத்துக்கு முன் ஆட்டினேன். விரல் பட்டு மூக்குக்கண்ணாடி கழன்று சக்கரைக்குள் விழுந்தது.

அவர் என்னை உற்றுப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னார். "நெசந்தானுங்க. கம்ப்யூட்டர் செஞ்சிருந்தா இன்னும் சித்தெ நல்லாச் செஞ்சிருக்கும்."

சக்கரைக்குள் மூக்குக்கண்ணாடி கிடந்தபடியே தட்டுகள் மாறின. நான் 'சரி' சொன்னேனா என்பது எனக்கு நினைவில்லை. யாரும் கேட்டதாகவும் தெரியவில்லை. பல நாள் காத்திருந்த அந்தக் கனமான ஒற்றைச் சொல், சிரிப்புச் சத்தத்துக்கு அடியில் எங்கோ நசுங்கிப் போயிற்று.

நடந்ததை பேக்கரியில் சொன்னபோது ரஃபீக் பாய் டீயை உறிஞ்சிக்கொண்டே யோசித்தார். "துணிகூட வரைஞ்சிருப்பானுங்களோ?" என்றார்.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் மாப்பிள்ளை வந்து இறங்கினான். கோவை விமான நிலையத்து வாசலில் என்னைப் பார்த்ததும் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு முகத்துக்கு முன்னால் கையை ஆட்டினான். "நெசந்தானுங்க மாமா." அங்கிள் போய் மாமா வந்தது அந்த இடத்தில்தான். கல்யாண மேடையில் குடும்பப் படம் எடுக்க நின்றபோது, யார் சொன்னார்களோ, மொத்த வரிசையும் மூக்குக்கு முன்னால் கையை வைத்துக்கொண்டது. பெரிதாக அச்சுப்போட்டு அக்கா கூடத்தில் மாட்டியிருக்கிறாள். புதிதாக வருகிறவர்கள், இது எந்த ஊர்ச் சீர்ச் சடங்கு என்று கேட்கிறார்கள்.

இப்போது அவர்கள் இருவரும் ஜெர்மனியில். வாராவாரம் வீடியோவில் கூப்பிடுகிறார்கள். முகத்தைக் காட்டுவதற்கு முன்னால் கொடியைக் காட்டவேண்டும் என்பது நிவேதா போட்ட சட்டம். பனியன், துண்டு, லுங்கி, இப்போது சுடிதார்களும். "சாட்சி வந்திருச்சுங்களா மாமா?" என்பாள். "வந்திருச்சு கண்ணு" என்பேன். அதன் பிறகுதான் சாப்பிட்டாயா, குளிருதா எல்லாம்.

போன வாரம் கொடி காலியாக இருந்தது. வெறும் கயிறு மட்டும், சுவரிலிருந்து சுவருக்கு. என்னை மீறி ஒரு புருவம் மேலே போனது.

கயிற்றுக்குப் பின்னாலிருந்து நிவேதா தலையை நீட்டினாள். கையில் மடித்த துணி ஒன்று. பிரித்து, இரண்டு கிளிப் போட்டுத் தொங்கவிட்டாள். என் உள்ளங்கை அளவே இருக்கும், ஒரு குட்டிச் சட்டை.

"இன்னும் ஆள் வரலீங்க மாமா" என்றாள். "வந்ததும் கையை ஆட்டச் சொல்றோம்."