ஒன்றும் சொல்லாத இருபத்திரண்டு வருஷம்

ஸ்டாக்போர்ட்,
9 மார்ச் 2009, திங்கட்கிழமை.

மதிப்பிற்குரிய மூத்த மைத்துனி வினிஃப்ரெட் சக்டன் அவர்களுக்கு,

தங்கள் தங்கை பெரிலின் கணவன் சிரில் ஹோல்ராய்ட் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் இருவரும் குளிர்காலத்தை ஒருவழியாகக் கடந்துவிட்டோம். ஸ்கார்பரோவில் தாங்களும், கடற்காற்றில் தங்கள் முழங்கால்களும் நலமாக இருக்க வேண்டும் என்பது என் விருப்பம். இந்தக் கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். 1986 ஈஸ்டருக்கு வந்தபோது தாங்கள் எங்கள் வீட்டில் விட்டுப்போன கறுப்புக் குடை பத்திரமாக இருக்கிறது என்பதைத் தெரிவிக்கத்தான். வேறு எந்த நோக்கமும் இல்லை. தங்களை வரச்சொல்லி நான் கேட்கவில்லை என்பதை முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்.

தங்களுக்கும் பெரிலுக்கும் இடையில் நடந்ததில் நான் எந்தப் பக்கமும் சாய்ந்தவன் இல்லை. முப்பத்தெட்டு வருஷம் பேருந்து அட்டவணை அதிகாரியாக இருந்தவன் நான். இரண்டு வண்டிகள் மோதிக்கொண்டால் யார்மேல் தப்பு என்று அளந்து பார்த்துத்தான் எழுதுவேன். அப்படி அளந்ததில் தப்பு இரண்டு பேர்மேலும் சரிபாதி என்பது என் முடிவு. பெரில் நடிகையானதே தங்களுக்குப் பிடிக்கவில்லை. ரோச்டேல் தொலைபேசி நிலையத்தில் நல்ல வேலையில் இருந்தவள், அதை விட்டுவிட்டு ஓல்டம் நாடகக் கொட்டகையில் வாரம் ஒரு நாடகம் என்று அலையப் போனாள். போதாக்குறைக்குக் குடும்பப் பெயரையும் விட்டாள். அது அவள் குற்றம் இல்லை. நடிகர் சங்கத்தில் ஒரு பெயர் ஒருவருக்குத்தான், ஏற்கெனவே அங்கே ஒரு பெரில் சக்டன் பதிந்துவைத்திருந்தாள். தொலைபேசியிலேயே, "வேற பேரு சொல்லும்மா, பின்னாடி ஆளுங்க நிக்கிறாங்க" என்றார்கள். மேசைமேல் என்னுடைய அட்டவணை விரிந்து கிடந்தது, நான் கடைசி நிறுத்தத்தை விரலால் காட்டினேன், அவள் பெரில் ஸ்கெல்டன் ஆனாள். அப்பாவின் பெயரைவிடப் பேருந்து நிற்கிற இடம் உசத்தியாகிவிட்டதா என்று தாங்கள் எழுதிய கடிதம் இன்னும் இருக்கிறது.

அதற்கப்புறம் எட்டு வருஷம் தொலைக்காட்சியில் அவள் செய்ததெல்லாம் கதவு திறந்ததுதான். போலீஸ்காரர் வந்து தட்டுவார், இவள் திறந்து, "அவரு வீட்ல இல்லீங்க" என்பாள், அதோடு சம்பளம் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவாள். எட்டு வருஷத்தில் பதினோரு கதவுகள், நான் குறித்துவைத்திருக்கிறேன். மூன்று முறை நர்ஸ், இரண்டு முறை பிணம். இரண்டாவது பிணத்துக்குத் தும்மல் வந்துவிட்டது, அந்த வேலையும் போயிற்று. அப்போதுதான் 1984இல் 'மில்கேட் சந்து' தொடரில் மூன்று வாரத்துக்கு ஒரு பத்திரிகைக் கடைக்காரி வேண்டும் என்று கூப்பிட்டார்கள். தேர்வுக்குப் போனவள் நாற்காலியில் உட்கார்ந்து, கைப்பையை மடியில் நிமிர்த்தி வைத்து, இரண்டு கையாலும் அதன் பிடியைப் பற்றிக்கொண்டு, மூக்கை ஒருதரம் உறிஞ்சி, "நான் ஒண்ணும் சொல்லலை" என்று ஆரம்பித்து, தெருவில் இருக்கிற அத்தனை பேரைப் பற்றியும் சொல்லி முடித்தாள். தேர்வு செய்ய வந்தவர்கள் மேசையைத் தட்டிச் சிரித்தார்களாம். மூன்று வாரம் என்றது இருபத்துநான்கு வருஷம் ஆயிற்று. அந்தக் கடைக்காரி மிஸஸ் ப்ளென்கினைத் தெரியாத வீடு இந்தத் தேசத்தில் இல்லை. அந்த வாக்கியத்தைப் பாத்திரம் துடைக்கிற துணியில்கூட அச்சடித்து விற்றார்கள்.

1986 கடைசியில் ஸ்கார்பரோவில் ரொட்டிக்கடை வரிசையில் நின்ற தங்களிடம் யாரோ ஒரு பெண், "நீங்க அப்படியே டிவில வர்ற ப்ளென்கினம்மா மாதிரியே பேசறீங்களே" என்று சொன்னதும், அதுவரை அந்தத் தொடரைப் பார்க்காத தாங்கள் அன்று பார்த்ததும், தங்கள் கைப்பையையும் தங்கள் மூக்கையும் தங்கள் வாக்கியத்தையும் அங்கே கண்டதும், உடனே போன் போட்டதும் எனக்குத் தெரியும். பெரில் எடுத்தாள், நான் பக்கத்தில்தான் நின்றேன். "பெரில், நான் ஒண்ணும் சொல்லலை" என்றீர்கள், வைத்துவிட்டீர்கள். தங்கள் ஆயுளில் அந்த வாக்கியத்தைச் சொல்லிவிட்டு நிஜமாகவே ஒன்றும் சொல்லாமல் விட்டது அன்றைக்குத்தான். அப்புறம் வருஷம் தவறாமல் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை வருகிறது, உறையில் என் பெயர் மட்டும். அதை அவள் எடுத்துக் கணப்புக்கு மேலே நட்டநடுவில் வைப்பாள். மற்ற அட்டைகளெல்லாம் ஜனவரி ஆறாம் தேதி இறங்கிவிடும், தங்களுடையது ஈஸ்டர்வரை நிற்கும். ஒரு தங்கையை இப்படித் தண்டிப்பது நியாயமா என்று கேட்க எனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நான்கு வருஷத்துக்கு முன்னால் பெரிலுக்கு வசனம் மறக்க ஆரம்பித்தது. முதலில் யாரிடமும் சொல்லவில்லை. வசனத்தைச் சின்னச் சின்னத் தாளில் எழுதி, கல்லாப்பெட்டிக்குள், ரொட்டி உறைமேல், மிட்டாய் ஜாடிக்குப் பின்னால் என்று ஒட்டிவைத்துக்கொண்டாள். அந்தத் தொழிலில் வயதானவர்கள் பலரும் செய்கிறதுதானாம். ஒருநாள் அவளுடைய அடுத்த வசனம் ஒட்டியிருந்த பத்திரிகையையே வாடிக்கையாளராக நடித்தவர் வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். இவள் மேசையைச் சுற்றி ஓடிவந்து, "அத வெச்சிட்டுப் போங்க, அது விக்கிறதுக்கு இல்ல" என்று பிடுங்கினாள். இயக்குநர் நன்றாக இருக்கிறது என்று அதையே வைத்துக்கொண்டார். இன்னொரு நாள் கடைப்பூனை வசனத்தின் மேலேயே படுத்துக்கொண்டது. அதைத் தூக்கிப் படித்துவிட்டு மறுபடி அங்கேயே படுக்கவைத்தாள், வரிக்கு ஒருதரம். மிஸஸ் ப்ளென்கினுக்கு வாயில்லா ஜீவன்மேல் இருக்கிற பாசம் மனசைத் தொட்டதாக நாற்பது பேர் கடிதம் எழுதினார்கள்.

வீட்டிலும் ஒட்ட ஆரம்பித்தோம். கெட்டில் மேல் 'கெட்டில்', அடுப்பு மேல் 'தொடாதே'. ஒரு வாரம் என் கம்பளிச்சட்டைமேல் 'சிரில், கணவர்' என்று அட்டை குத்திக்கொண்டேன். அதை மறந்துபோய் அப்படியே இறைச்சிக்கடைக்குப் போய்விட்டேன். "வாங்க கணவரே, ஈரல் வந்திருக்கு" என்றார் கடைக்காரர். வீட்டுக்கு வந்து சொன்னதும் பெரில் விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு என்னைப் பார்த்து, "நல்ல தமாஷான ஆளா இருக்கீங்க, கல்யாணம் ஆயிடுச்சா?" என்று கேட்டாள். நான் ஆயிற்று என்றேன். வினிஃப்ரெட், அன்றைக்கு நான் தோட்டத்துக் கொட்டகைக்குப் போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

போன நவம்பரில் தொடருக்கு இருபத்தைந்து வருஷம் நிறைந்ததால் ஒரு பகுதியை நேரலையாகவே நடித்துக் காட்டுவது என்று முடிவு செய்தார்கள். தப்பு நடந்தால் திருத்த வழியில்லை, தேசமே பார்த்துக்கொண்டிருக்கும். பெரிலுக்கு ஒரே ஒரு வாக்கியம் கொடுத்தார்கள். கடைசிக் காட்சியில் கடை வாசலுக்கு வந்து, கண்ணாடியில் தொங்கும் 'திறந்திருக்கிறது' அட்டையை 'மூடியிருக்கிறது' என்று திருப்பிவிட்டு, "இன்னிக்கு இது போதும்" என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அவளுக்கு அதுதான் கடைசி நாள் என்று எல்லாருக்கும் தெரியும், நன்றாக முடித்துவிட்டுப் போகவேண்டும் என்பதுதான் அவள் கவலை. வசனத்தை எங்கே ஒட்டலாம் என்று நானும் அவளும் மேடைச்சாமான் பார்க்கிற பையன்களும் கூடிப் பேசி, கண்ணெதிரேயே இருக்கட்டும் என்று அந்த அட்டையிலேயே ஒட்டினோம். ஐந்து பேர் யோசித்தோம், ஒருவனுக்கும் உறைக்கவில்லை. பெரில் வந்தாள், சொன்னபடி அட்டையைத் திருப்பினாள், வசனம் தெருப்பக்கம் போய்விட்டது.

நான் ஓரத்தில் ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தேன். பதினோரு விநாடி, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அவள் கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி நின்றாள். அப்புறம் அவள் மிஸஸ் ப்ளென்கின் குரலில் இல்லாமல் ரோச்டேலில் பேசிய சின்னப் பெண் குரலில், "வின்னி அக்கா, எவ்வளவு நேரம் வெளியிலயே நிப்ப? குளிருது. கதவு தொறந்துதான் இருக்கு, உள்ள வா" என்றாள். சொல்லிவிட்டு அட்டையை மறுபடி 'திறந்திருக்கிறது' என்று திருப்பினாள். அவ்வளவுதான், இசை வந்துவிட்டது.

மறுநாள் பத்திரிகைகளெல்லாம் இப்படி ஒரு நடிப்பைப் பார்த்ததில்லை என்று எழுதின. அவளுக்கு ஒரு வெள்ளிக் கோப்பை கொடுத்தார்கள், அதை அவள் காய்கறித் தோல் போட வைத்திருக்கிறாள். யார் அந்த வின்னி என்று மூட்டை மூட்டையாகக் கடிதம் வந்ததால், தொடர்க்காரர்கள் மிஸஸ் ப்ளென்கினுக்குக் கடலோர ஊரில் ஓர் அக்கா இருப்பதாகவும், இவள் கடையை விற்றுவிட்டு அவளோடு இருக்கப் போய்விட்டதாகவும் கதையை முடித்துவிட்டார்கள். அதாவது தொலைக்காட்சியில் தாங்கள் இருவரும் நவம்பர் மாதமே சமாதானம் ஆகிவிட்டீர்கள். எண்பது லட்சம் பேருக்கு அது தெரியும். தங்கள் வீட்டில் தொலைக்காட்சியை அந்தக் காலத்திலேயே தூக்கிப்போட்டுவிட்டதால் தங்களுக்குத்தான் தெரிந்திருக்காது.

பெரிலுக்கு அந்தச் சண்டை இப்போது நினைவில் இல்லை. தினமும் காலையில் கோட்டை மாட்டிக்கொண்டு முன்னறை ஜன்னலோரம் உட்கார்ந்து, "வின்னி வந்தாச்சா?" என்று கேட்கிறாள். நான், "ரயில் லேட்டாம்" என்கிறேன். "இந்த ரயில்காரங்கள நிக்க வெச்சுக் கேக்கணும்" என்கிறாள். ஆயுள் முழுக்க ஒரு நிமிஷத் தாமதத்துக்குக்கூட விளக்கம் எழுதி வாங்கினவன், வராத ரயிலைத் தினமும் தாமதமாக்கிக்கொண்டிருக்கிறேன். கோடைக்கு அப்புறம் வருகிறவர்களை அவளுக்கு அடையாளம் தெரியும் என்று தன்னால் உறுதி சொல்ல முடியாது என்றார் மருத்துவர். இதைத் தகவலுக்காகத்தான் எழுதுகிறேன். தாங்கள் வரவேண்டும் என்று கட்டாயம் இல்லை. பெரிலிடம் தாங்கள் ஒரு மன்னிப்புக் கேட்பது முறை என்பது என் கருத்து, அதைத் தபாலிலும் கேட்கலாம். குடையைப் பார்சலில் அனுப்பிவைக்கிறேன்.

தங்கள் உடல்நலத்துக்கும், ஜன்னல் தொட்டிப் பூச்செடிகளுக்கும் எங்கள் இருவரின் அன்பான விசாரிப்புகள். கடவுள் தங்களைக் குறைவில்லாமல் வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
எந்தப் பக்கமும் சாயாத
சிரில் ஹோல்ராய்ட்

பி.கு.: வினிஃப்ரெட், உறையை ஒட்டிவிட்டு மறுபடி பிரித்தேன். பெரில் ஒருநாளும் உங்களைப் போல நடித்துக் காட்டியதில்லை. அது நான். நீங்கள் வந்துவிட்டுப் போன ஒவ்வொரு தடவையும், உங்களை ஸ்டேஷனில் ஏற்றிவிட்டு வந்த கையோடு, தேநீர்க்கூஜா மூடுகிற கம்பளி உறையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, பெரிலின் கைப்பையை மடியில் நிமிர்த்தி வைத்து, மூக்கை உறிஞ்சி, "நான் ஒண்ணும் சொல்லலை" என்பேன். அவள் சிரிப்பதைப் பார்க்கத்தான், வேறொன்றும் இல்லை. "எங்க அக்காவ அப்படிச் சொல்லாதீங்க" என்று சொல்லிக்கொண்டே பாத்திரத் தொட்டியைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். தேர்வன்று வேறு எதுவும் தோன்றாமல் என்னைத்தான் செய்துகாட்டினாள். நீங்கள் போன் செய்தபோது பக்கத்தில் நின்ற என்னைப் பார்த்தாள், என் பெயரைச் சொல்லவில்லை. இருபத்திரண்டு வருஷமும் சொல்லவில்லை. இப்போது சொல்ல நினைத்தாலும் அவளால் முடியாது, நான் ஒருவன்தான் மிச்சம். போன வாரம் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "எதுக்கு?" என்றாள், சொன்னேன், சிரித்தாள், மறந்துவிட்டாள்.

குடையை அனுப்பவில்லை, நீங்களே வந்து எடுத்துக்கொள்ளுங்கள். மான்செஸ்டர்வரை ஒரே வண்டி, மாறவேண்டாம். எந்த நாள் என்று ஒரு வரி போட்டால் பிளாட்பாரத்தில் நிற்பேன். இருபத்திரண்டு வருஷமாகச் சொல்லாமல் வைத்திருப்பதையெல்லாம் என்னிடம் அங்கேயே சொல்லி முடித்துவிடுங்கள், எவ்வளவு நேரமானாலும் நின்று கேட்கிறேன். வீட்டுக்கு வந்ததும் அவளிடம் ரயில் லேட் என்று மட்டும் சொன்னால் போதும்.