பேஜார் மேஸ்திரியும் நம் சிவப்புத் தரையும்

ரெபேக்கா, ஸ்டீபன், கேளுங்கள். கும்மிடிப்பூண்டியில் பேஜார் மேஸ்திரியிடம் திட்டு வாங்காத சுவர் ஒன்றுகூடக் கிடையாது. சுவரே தப்பவில்லை என்றால் வீட்டுக்காரன் எம்மாத்திரம்!

நாம் வாங்கிய பழைய வீட்டின் சமையலறை ஒரே இருட்டு, புகைக்கறுப்பு. மேடையோ குட்டை, குனிந்து குனிந்து உங்கள் அம்மாவுக்கு முதுகு போயிற்று. இடித்துக் கட்டலாம் என்றேன். அம்மா ஒரே நிபந்தனை போட்டாள்: நடுவில் கறுப்புப் பூ வைத்த அந்தச் சிவப்புத் தரையில் கீறல் விழக்கூடாது. கம்பெனியில் எட்டு மணி நேரம் ஷூவோடு நிற்கிறவள். வந்ததும் வெறுங்காலை அதில் வைத்தால்தான் உள்ளங்கால் எரிச்சல் அடங்கும். "தரை போச்சுன்னா இந்த ஊடே எனக்கு வேணாம்" என்றாள்.

மேஸ்திரி முதல் நாள் சுத்தியலைத் தொடவே இல்லை. முக்காலி போட்டு உட்கார்ந்து, "நீ பாட்டுக்குச் சமைமா, நான் வாயே தொறக்கமாட்டேன்" என்றார். அப்புறம் மூடவே இல்லை.

"இன்னாமா, அரிசி எடுக்க ஆந்திரா வரைக்கும் போய்க்கினு வர்ற?"

டேப் கிடையாது அவரிடம். மேடை உயரம் பார்க்கச் செங்கல்லை அடுக்கி அதன்மேல் அம்மாவைச் சப்பாத்தி தேய்க்கச் சொன்னார். வலிக்கிறது என்றால் ஒரு கல் கூட்டுவார். பிறகு என்னைப் பார்த்து, "நைனா, நீயும் தேய்" என்றார்.

"நான் சமைக்கிறதில்லீங்க."

கையிலிருந்த கல்லைக் கீழே வைத்துவிட்டார். "அப்போ துன்றதுக்கு மட்டும் இன்னாத்துக்குக் கிச்சனாண்ட வர்ற?"

மூன்றாம் நாள் ஷிப்ட் முடிந்து நானும் அம்மாவும் வந்தோம். தரையைக் காணோம்! சுவரிலிருந்து சுவர் வரை வெள்ளை வெளேரென்று பிளாஸ்டர் மாவுப் பூச்சு. அம்மா வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"யோவ்! இன்னாய்யா பண்ணி வெச்சிருக்க?" ஆட்கள் எதிரிலேயே வாய்க்கு வந்தபடி திட்டினேன். உங்களிடம் சொல்லவே கூசுகிறது.

அவர் டீயை ஊதிக் குடித்தார். "கத்தி முடிச்சியா? வேலை முடியட்டும், பேசலாம்."

நாலு நாள் அம்மா என்னோடு பேசவில்லை. அந்த ஆளை அழைத்து வந்தவன் நான்தானே.

ஏழாம் நாள் சுவர் இடித்தாகிவிட்டது, மேடை எழும்பிவிட்டது. மேஸ்திரி மூலையில் குந்தி, உளியால் பூச்சின் ஓரத்தை நெம்பினார். அப்பளம் போலப் பெயர்ந்து வந்தது. அடியில் பிளாஸ்டிக் தாள். தாளுக்கு அடியில் நம் சிவப்புத் தரை, கறுப்புப் பூவோடு, ஒரு கீறல் இல்லாமல்!

"மேலருந்து கல்லு உய்ந்தா தரை தாங்குமா? அதான் சட்டை போட்டுவுட்டேன்."

"இதை அன்னிக்கே சொல்லக்கூடாதா?"

"நீ எங்க கேட்ட? கத்துன." அம்மா பக்கம் திரும்பி, "நீ தப்பா நெனச்சிக்காதமா. திட்டு வாங்கினதுல எனக்குக் கொஞ்சம் ரோஷம்" என்றார்.

அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். எனக்கு மன்னிப்புக் கேட்க நாக்கு புரளவில்லை. அவரும் சாமான்களைக் கட்டிக்கொண்டு போய்விட்டார்.

திட்டிய அன்று, ஆத்திரத்தில், என் போனில் அவர் பெயரைத் 'தரையைக் கெடுத்தவன்' என்று மாற்றி வைத்திருந்தேன். மறுநாள் கம்பெனி பஸ்ஸின் கடைசி சீட்டில் தனியாக உட்கார்ந்து அதை அழித்தேன். அவருடைய நிஜப் பெயர் எனக்குத் தெரியாது. வெகுநேரம் யோசித்துவிட்டு, 'அண்ணன்' என்று அடித்தேன்.