நாற்பது சதவீதம்

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி ஐம்பது நிமிடத்துக்கு, எடை அளவு பரிசோதனை அலுவலகத்தின் இரண்டாம் மாடியில், மனித குலத்தின் போக்கையே மாற்றக்கூடிய முடிவு ஒன்று எடுக்கப்பட்டது. மனித குலத்துக்கு இது தெரிவிக்கப்படவில்லை. பக்கத்து மேஜைக்கும் தெரிவிக்கப்படவில்லை. பக்கத்து மேஜையில் ஆறு வருஷமாக ஆள் கிடையாது.

முடிவு இதுதான்: மில்லிமீட்டர் தன் காரின் கியர் ராடைக் கழற்றிவிட்டுக் குட்டை ராடு ஒன்று போடுவார்.

மில்லிமீட்டர் என்பது அலுவலகம் அவருக்கு வைத்த பெயர். கடைகளிலிருந்து வரும் தராசுகளையும் அளவுகோல்களையும் சரிபார்த்து முத்திரை குத்துவது அவர் உத்தியோகம். மற்றவர்கள் சட்டைப் பையில் பேனா வைத்திருப்பார்கள். அவர் ஆறு அங்குல இரும்பு ஸ்கேல் வைத்திருப்பார். வீட்டுத் தரகர் "விசாலமான ஹால் சார்" என்றபோது ஹாலை அளந்து, "விசாலம் எங்கே?" என்று கேட்டவர். இருபத்திரண்டு வருஷ சர்வீசில் எதையும் அளக்காமல் நம்பியதில்லை.

ஞாயிற்றுக்கிழமைக்கு ஐந்தே நாள் இருந்தது. அதுதான் பிரச்சினை.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு, மூடிப்போன ஒரு தொழிற்சாலையின் பின்பக்க மைதானத்தில் 'கையால் கியர் மாற்றுவோர் கழகம்' கூடும். தானாகக் கியர் மாறும் கார்களால் நாகரிகம் சீரழிந்துவருகிறது என்று நம்புகிற பதினோரு பேர் கொண்ட அமைப்பு அது. பன்னிரண்டாவது ஆள் மில்லிமீட்டர். வாரம் ஒரு காரை 'வாரத்தின் வண்டி' என்று அறிவிப்பார்கள். எல்லோரும் முறை வைத்து அதில் ஏறி ஒரு சுற்று ஓட்டிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு அபிப்பிராயம் சொல்வார்கள்.

ஒரே ஒரு நிபந்தனை. வண்டியில் சொந்தமாக ஏதாவது ஒன்றை மாற்றியிருக்க வேண்டும்.

"கம்பெனிக்காரன் குடுத்தபடியே இருக்கற வண்டியில ஏறி உட்கார்ந்து என்னத்தப் பேசறது?" என்று கழகத் தலைவர் சொல்லிவிட்டார். தலைவர் தொழிலால் பல் டாக்டர். எல்லாவற்றையும் வாயைத் திறக்கச் சொல்கிற குரலிலேயே சொல்வார்.

ஆகவே ஒரு வருஷமாக மில்லிமீட்டரின் வண்டி மைதானத்து ஓரத்தில் நின்றது. கழகத்தார் அவரிடம் பேசியது மொத்தம் இரண்டு வாக்கியம். "இதைக் கொஞ்சம் பிடிங்க." சுற்று முடிந்ததும், "குடுங்க."

அவர் காரின் பக்கத்து இருக்கையில், கம்பெனியிலிருந்து வரும்போது சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறை நாலு வருஷமாக அப்படியே இருந்தது. கிழிக்க அவசியம் வரவில்லை. காருக்குள் அவரோடு பேசுவது வழி சொல்லும் அந்தப் பெண் குரல் மட்டும்தான். தினமும் சாயங்காலம் வீட்டு வாசலில், "நீங்கள் சேர வேண்டிய இடம் வந்துவிட்டது" என்பாள். அந்த ஒரு விஷயத்தில்தான் அவருக்கும் அவளுக்கும் கருத்து வேற்றுமை.

அன்று மதியம் அக்காவுக்கு போன் போட்டுத் தன் முடிவைச் சொன்னார்.

"மூணு மாசமா ஒரு கம்பியைப் பத்தியே பேசிட்டிருக்கேடா நீ" என்றாள் அக்கா.

"கம்பி இல்லக்கா. மூணு வகை இருக்கு. இருக்கற ராடை அறுத்துக் குட்டையாக்கறது ஒண்ணு. அதுல கை ரொம்பத் தாழப் போயிடும். அடியில கட்டை குடுத்து ராடோட அச்சை மேல தூக்கறது ரெண்டாவது. அதுல தோல் உறை சரியா மூடாது. மூணாவது, முழு ராடையும் மாத்திடறது. கை அசையற தூரம் நாற்பது சதவீதம் குறையும்."

"குறைஞ்சா?"

"சட்டுனு கியர் விழும்."

"விழுந்தா?"

"சீக்கிரமா போகலாம்."

"எங்கடா போகணும் உனக்கு?"

மூன்று மாதமாக அவர் போட்டுவைத்திருந்த அட்டவணையில் இந்தக் கேள்விக்குக் கட்டம் இல்லை.

"உனக்குப் பார்த்த பொண்ணுங்களுக்கும் இப்படித்தான் அட்டவணை போட்டே" என்றாள் அக்கா. "நாலாவது கட்டம் நிரப்பறதுக்குள்ள மூணு பேருக்கும் கல்யாணமாயிடுச்சு. ஏதோ ஒரு ராடை வாங்கித் தொலை. நல்லா இரு."

மூன்றாம் வகை ராடு வெள்ளிக்கிழமை மெக்கானிக் கடைக்கே பார்சலில் வந்து சேர்ந்தது. சந்தின் கோடியில் இருந்தது கடை. பின்பக்கம் மெக்கானிக் வண்டிக்கு அடியில் படுத்திருப்பார்; முன்பக்கம் அவர் மனைவி தையல் மெஷினில் கார் சீட்டுக்கு உறை தைப்பாள்.

வண்டியை விட வந்த மில்லிமீட்டரிடம், "சார், அந்த பிளாஸ்டிக்கைப் பிச்சுப் போட்டுட்டு நல்லதா ஒரு உறை தைச்சுடலாமே?" என்றாள்.

"யாராவது உட்கார்ந்தா பார்க்கலாம்மா."

சனிக்கிழமை நாலு மணிக்கு வண்டியை எடுக்க அவர் ஓட்டமும் நடையுமாக வந்தபோது, மெக்கானிக் கழிவுத் துணியால் ஒவ்வொரு விரலாகத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வாங்க சார். அந்தப் பெட்டியில வந்த ராடு இருக்குல்ல…"

மில்லிமீட்டர் அதற்குள் ஏறி உட்கார்ந்துவிட்டார். கிளட்ச்சை மிதித்தார். முதல் கியர். இரண்டாவது. மூன்றாவது. கண்ணை மூடினார்.

"அண்ணே!"

"சார், நான் என்ன சொல்ல வந்தேன்னா…"

"ஒண்ணும் சொல்லாதீங்க. வாழைப்பழத்துல ஊசி ஏத்தின மாதிரி இருக்கு! நேத்து வரைக்கும் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் கை போயிட்டு வரும். இப்போ விரல் நினைச்சா போதும்."

மெக்கானிக் அவரை இமைக்காமல் பார்த்தார். மூன்று வருஷமாக வண்டி விடுகிற ஆள். இந்த முகத்தில் பல் இருப்பதை மெக்கானிக் அன்றுதான் பார்த்தார்.

"சார், உங்க பையில ஸ்கேல் இருக்கே. அளந்துடுங்களேன்" என்றார் மெக்கானிக், ஏறக்குறைய கெஞ்சலாக. "நல்லா அளந்து பாருங்க."

மில்லிமீட்டர் ஸ்கேலை எடுத்தார். ராடைப் பார்த்தார். மெக்கானிக்கைப் பார்த்தார். ஸ்கேலைத் திரும்பப் பைக்குள் போட்டார்.

"வேணாம்ணே. வாழ்க்கையில எல்லாத்தையும் அளந்துட்டேன். இதை அளக்கமாட்டேன்."

மெக்கானிக் உதட்டைக் கடித்துக்கொண்டார்.

"அப்போ, அந்தப் பெட்டி…"

"பெட்டியைத் தூக்கிப் போடுங்கண்ணே! பெட்டியா முக்கியம்? கூலி எவ்வளவு?"

"அதெல்லாம் வேணாம் சார். திங்கக்கிழமை நிதானமா உட்கார்ந்து பேசலாம்."

ஞாயிறு காலை மில்லிமீட்டரின் வண்டி 'வாரத்தின் வண்டி' என்று அறிவிக்கப்பட்டது. பல் டாக்டர் முதலில் ஏறினார். ஒரு சுற்று போய்விட்டு வந்து இறங்கி, தொண்டையைச் செருமினார்.

"எவ்வளவு குறையும்னு கம்பெனிக்காரன் போட்டிருந்தான்?"

"நாற்பது சதவீதம் தலைவரே."

"நாற்பத்திரண்டு" என்றார் தலைவர். "இந்தக் கைக்கு அரை மில்லிமீட்டர் வித்தியாசம் தெரியும். தினம் துளை போடற கை."

அடுத்து இன்ஷூரன்ஸ்காரர் ஏறினார். "ரெண்டுலேர்ந்து மூணுக்குப் போறப்போ 'ளொக்'குனு ஒரு சத்தம் வருது பாருங்க, அது குட்டை ராடுல மட்டும்தான் வரும்" என்றார். மற்ற ஒன்பது பேரும் ஏறினார்கள், இறங்கினார்கள், 'ளொக்'கை உறுதிசெய்தார்கள். ஓட்டும் முறை வராதபோது ஒவ்வொருவராகப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து போனார்கள். ஒவ்வொருவர் உட்காரும்போதும் பிளாஸ்டிக் சரசரத்தது. ஏழாவது ஆள் உட்கார்ந்தபோது அது கிழிந்தது.

"அடடா, கிழிச்சுட்டேன் போலிருக்கே!"

"பரவாயில்ல" என்றார் மில்லிமீட்டர். "நல்லாக் கிழியட்டும்."

பதினோரு பேரின் சாவிகளையும் கறுப்புக் கண்ணாடிகளையும் அன்று வேறு யாரோ பிடித்துக்கொண்டார்கள். புறப்படும்போது பல் டாக்டர் ஜன்னலில் குனிந்து, "அடுத்த வாரம் வருவீங்கல்ல?" என்றார். வீடு வந்து சேர்ந்து, அவள் "நீங்கள் சேர வேண்டிய இடம் வந்துவிட்டது" என்று சொல்லி முடித்து வெகுநேரமாகியும் அவர் காரைவிட்டு இறங்கவில்லை.

திங்கட்கிழமை மெக்கானிக்கோடு நிதானமாகப் பேச முடியவில்லை. தோள் வலித்தது.

குட்டை ராடு போட்டால் கியர் இறுக்கமாக விழும், தோளுக்கு வேலை கூடும் என்று அவர் படித்த பதினாலு கட்டுரைகளிலும் எழுதியிருந்தது. கட்டுரைப்படியே வலித்தது. பல் டாக்டருக்கு போன் செய்தார்.

"நானும் டாக்டர்தானே" என்ற தலைவர், ஒரு பயிற்சி சொல்லிக்கொடுத்தார். பயிற்சியில் வலி தோளிலிருந்து கழுத்துக்கு ஏறியது. இன்ஷூரன்ஸ்காரர், "மேல கனமான குமிழ் போட்டா ராடு தானா விழும்" என்று ஒரு இரும்புக் குமிழை இரவல் தந்தார். வலி மணிக்கட்டுக்கு இறங்கியது. வியாழக்கிழமை நிஜமான எலும்பு டாக்டரிடம் போனார்.

"ஏதாவது கனமா தூக்கினீங்களா?"

"இல்ல டாக்டர். என் கியரோட தூரம் நாற்பது சதவீதம் குறைஞ்சுடுச்சு."

டாக்டர் எதற்கும் இருக்கட்டும் என்று கைக்குத் துணியால் தொட்டில் கட்டிக் கழுத்தில் மாட்டிவிட்டார்.

சனிக்கிழமை ஆட்டோவில் மெக்கானிக் கடைக்குப் போனார். தொட்டிலைப் பார்த்ததும் மெக்கானிக் வண்டிக்கு அடியிலிருந்து எழுந்த வேகத்தில் நெற்றியை இடித்துக்கொண்டார்.

"சார், சத்தியமா சொல்றேன், உங்க தோளுக்கும் அந்த ராடுக்கும் சம்பந்தமே இல்ல."

"நல்ல மனசுண்ணே உங்களுக்கு. என்னைத் தேத்தறதுக்காகச் சொல்றீங்க."

"ஒண்ணு செய்வோம். கழட்டிட்டுப் பழைய ராடையே போட்டுட்டோம்னு வெச்சுக்குவோம். வலி போயிடும்."

"வலி போயிடும்" என்றார் மில்லிமீட்டர். "ஞாயித்துக்கிழமை நான் எங்கண்ணே போவேன்?"

தையல் மெஷின் நின்றது. மெக்கானிக் ஏற்கெனவே இறுகியிருந்த ஒரு நட்டை மறுபடி இறுக்க ஆரம்பித்தார்.

மறுநாள் கை தொட்டிலில் இருந்ததால், பல் டாக்டரே வீட்டுக்கு வந்து அவர் வண்டியை ஓட்டிப்போனார். மில்லிமீட்டர் கிழிந்த பிளாஸ்டிக்கின் மேல் உட்கார்ந்துகொண்டார். அந்த இருக்கையில் உட்கார்ந்த பன்னிரண்டாவது ஆள் அவர். அங்கிருந்து பார்த்தால் ரோடு வேறு மாதிரி தெரிந்தது. வழியெல்லாம் ஒருவர் பேசிக்கொண்டே வந்தார். கடைவாய்ப் பல்லைப் பற்றித்தான், இருந்தாலும் பேசினார்.

கழகம் கூடியதும் தலைவர் பிரகடனம் செய்தார்: "நாளைக்கு நாம பதினோரு பேரும் இவரோட மெக்கானிக்கிட்டப் போறோம். இவர் வண்டியில என்ன போட்டாரோ, அதையே நம்ம எல்லார் வண்டியிலயும் போடறோம். இவர்தான் நமக்கு வழிகாட்டி."

வழிகாட்டி உடனே மெக்கானிக்குக்கு போன் போட்டார்.

"பதினோரு வண்டியா?" என்றது மறுமுனை. பிறகு ஸ்பேனர் கீழே விழும் சத்தம். பிறகு லைன் இல்லை.

திங்கட்கிழமை காலை அந்தச் சந்துக்குள் பதினோரு கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக நுழைந்து நின்றன. பால் வண்டி உள்ளே வர முடியவில்லை. பள்ளிக்கூட வேன் வெளியே போக முடியவில்லை. பல் டாக்டர் மில்லிமீட்டரின் நல்ல தோளில் கை போட்டபடி முன்னால் நடந்தார்.

கடையில் மெக்கானிக் இல்லை. அவர் மனைவி மெஷினைவிட்டு எழுந்தாள்.

"அவர் தங்கச்சி வீட்டுக்குப் போயிருக்காரு சார். ராத்திரி முழுக்கத் தூங்கல, விடியறதுக்குள்ள கிளம்பிட்டாரு. நீங்க வந்தா இதை மட்டும் எப்படியாவது கையில குடுத்துடச் சொன்னாரு."

அலமாரிக்கு மேலிருந்து நீளமான ஒரு அட்டைப்பெட்டியை இறக்கினாள். மில்லிமீட்டருக்கு ஒரு கைதான் இருந்ததால், பல் டாக்டர் வாங்கிக்கொண்டார்.

"கழட்டின பழைய ராடு" என்று அவர் பின்னால் நின்ற பத்துப் பேருக்கும் விளக்கினார். "பாருங்க, எவ்வளவு கனம்! எவ்வளவு நீளம்! இதை வெச்சுக்கிட்டுத்தான் பாவம் இத்தனை நாள் ஓட்டியிருக்காரு." பெட்டியைத் திறந்து உயர்த்திக் காட்டினார்.

கண்ணாடித்தாள் பிரிக்காத, பளபளவென்ற ஒரு குட்டை ராடு. அதன் மேல் சிவப்பு எழுத்தில் 'நாற்பது சதவீதம் குறைவு' என்று ஒட்டியிருந்தது.

சந்தில் பால் வண்டிக்காரர் ஹாரன் அடித்தார். யாரும் திரும்பவில்லை. மில்லிமீட்டரின் நல்ல கை சட்டைப் பைக்குப் போய் ஸ்கேலைத் தொட்டது.

"அப்போ…" என்றார் பல் டாக்டர், வாயை மூட மறந்து. "இவர் வண்டியில இருக்கறது?"

"அதே பழைய ராடுதான் சார். புதுசு அந்த வண்டிக்குச் சேரல" என்றாள் மெக்கானிக்கின் மனைவி. "கிரீஸ் போட்டாரு."