பேணிப் பிள்ளையார்

உலகத்தில் எல்லாரும் பொருளைத் தொலைத்துவிட்டுத்தான் தேடுவார்கள். ஊர் தேட வேண்டும் என்பதற்காகவே ஒரு பொருளை ஒளித்து வைத்துவிட்டு, ஒருத்தரும் தேடவில்லையே என்று சோறு இறங்காமல் இருந்தவர், நானறிய, பேணி அண்ணை ஒருவர்தான்.

எங்கள் நில அளவைக் கந்தோரில் காணிப் படம் வரைகிறவர். நிலாவெளிக் கடற்கரையில் ஒரு வெள்ளைக்காரன் போனும் கையுமாகத் தாழம்பற்றைக்குள் தலையைக் கொடுத்துக்கொண்டு நின்றதைக் கண்டு விசாரித்திருக்கிறார். அன்று பிடித்தது. உலகம் முழுக்க ஆட்கள் தகரப் பேணிகளை ஒளித்து, இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை அளவை மட்டும் இன்டர்நெட்டில் போடுவார்களாம். போனைப் பார்த்துத் தேடிக் கண்டுபிடிக்கிறவர், உள்ளே இருக்கும் கொப்பியில் பெயரெழுதிவிட்டுப் பேணியைத் திரும்ப வைக்க வேண்டுமாம்.

"பிறகு?" என்றேன்.

"பிறகென்ன தங்கச்சி, வீட்டை போறதுதான்."

"உள்ளுக்கு வேறை ஒண்டும் இல்லையோ?"

"கொப்பி இருக்கெண்டு சொன்னனானெல்லோ."

துறைமுகப் பக்கம் வெள்ளைக்காரர் காலத்துத் துரை பங்களா ஒன்று இருக்கிறது. அதன் மதிலோரமாகப் போகிற ஒழுங்கையில், ஒரு வேப்பமர வேருக்குள் பிஸ்கட் பேணியை வைத்தார். மூடியில் 'பெயர் எழுதவும்' என்று அழகாக எழுதியிருந்தார். எங்கள் ஊரில் மான்கள் ரோட்டில் மாடு மாதிரித் திரியும். அவை தட்டிவிடாமல் இருக்க, மேலே ஒரு கருங்கல்லை நிமிர்த்தி வைத்தார். வினை அங்கேதான் தொடங்கியது.

ஐந்து மாதம் ஒரு குருவி வரவில்லை. தினமும் பின்னேரம் சைக்கிளில் போய்ப் பார்ப்பார். காலையில் அவர் முகத்தைப் பார்த்தாலே எனக்கு விளங்கிவிடும்.

"ஒரு பேர் தங்கச்சி. ஒரே ஒரு பேர் விழுந்தாப் போதும்."

"நீங்களே எழுதிவிடுங்கோவன்."

"அது கள்ளம்."

ஆறாம் மாதம் ஒருநாள் வெளிறிப்போய் வந்தார். "கல்லுக்கு ஆரோ பூ வைச்சிருக்கினம்."

வேம்படியில் நிமிர்ந்து நிற்கிற கல்லை எங்கள் சனம் சும்மா விடுமா? அடுத்த கிழமை திருநீறு. அதற்கடுத்த கிழமை பட்டுத்துண்டு. "இனிப் பேணியை எடுக்கவும் ஏலாது. சாமியை அசைச்சா அடிதான் விழும்" என்று தலையில் கைவைத்தார்.

கடைசியில் அன்புவழிபுரத்துக் கமலா அக்கா, கல்லைக் கழுவும்போது பேணியைக் கண்டுவிட்டார். சாமிக்குக் கீழே கொப்பி, மூடியில் 'பெயர் எழுதவும்'. அர்ச்சனைக்கு இல்லாமல் வேறெதற்கு? பெயரோடு நட்சத்திரத்தையும் எழுதிவிட்டார். பேணியைச் சாமிக்கு முன்னால் எடுத்து வைத்து, ஊருக்கும் சொல்லிவிட்டார்.

ஒரு மாதத்தில் கொப்பி நிரம்பியது. பேணி அண்ணை கொண்டுவந்து காட்டினார். 'கமலா, ரோகிணி. மகளுக்கு நல்ல இடம் சரிவர வேணும்.' 'யோகன், சதயம். கனடா விசா.'

"ஒரு பேர் கேட்டியள். ஊரே எழுதியிருக்கு."

"இவை ஒருத்தரும் தேடி வரேல்லைத் தங்கச்சி. கும்பிட வந்தவை." சொல்லிவிட்டுப் புதுக் கொப்பி வாங்கப் போனார்.

போன மாதம் ஒரு மான் குறுக்கே பாய, சைக்கிளோடு விழுந்து காலை முறித்துக்கொண்டார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தும் அதே கதைதான்.

"மழை வரப்போகுது. கொப்பி நனையாமல் இருக்கோ எண்டு ஒருக்காப் பாருங்கோ. ஆரும் போனைப் பாத்து வந்திருக்கினமோ எண்டும் பாருங்கோ."

"எந்த மரம்?"

"சொல்ல ஏலாது. அளவு தாறன்."

ஒழுங்கைக்குள் நுழையும்போதே பூ வைத்த கல் தெரிந்துவிட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டு போனையே பார்த்து நடந்தேன். அது என்னை மரத்தைச் சுற்றி மூன்று தரம் நடக்கவைத்த பிறகுதான் "வந்துவிட்டாய்" என்றது. கும்பிட வந்த இரண்டு பேர் என் பக்தியைப் பார்த்து வழிவிட்டார்கள்.

கொப்பி நனையவில்லை. போனைப் பார்த்து வந்தவர் ஒருவரும் இல்லை. பென்சிலை எடுத்து என் பெயரை எழுதினேன். பக்கத்தில், 'போனைப் பாத்துத் தேடி வந்தனான்.' அவருக்குக் காட்ட அதைப் படமும் எடுத்துக்கொண்டேன்.

மூடப் போனவள் நின்று, அடுத்த வரியில் இன்னொன்றும் எழுதினேன்.

'பேணி அண்ணை. நட்சத்திரம் தெரியாது. கால் கெதியாய்ச் சுகப்பட வேணும், பிள்ளையாரே.'