நூற்றுக்கு மேலே ஏறி உட்கார்ந்த ஒன்பது

அன்புள்ள அக்காவுக்கு, உன் தம்பி எழுதுவது.

நான் நலம். போனை எடுக்காமல், அனுப்பிய செய்தியையும் திறக்காமல் இத்தனை நாள் கோபத்தைக் கட்டிக்காக்கிறாய் என்றால் நீயும் நல்ல தெம்போடுதான் இருப்பாய். காகிதத்தை பிளாக் செய்ய இன்னும் யாரும் வழி கண்டுபிடிக்காததால் காகிதத்தில் எழுதுகிறேன். குழந்தை பிறந்து, குப்புறப் படுக்கவே ஆரம்பித்துவிட்டாள், தாய்மாமன் இன்னும் எட்டிப் பார்க்கவில்லை என்பதுதானே உன் வழக்கு? "அவ நடந்து வந்து உன்னப் பாத்துக்குவா, நீ அங்கயே இரு" என்று மாமாவிடம் சொல்லி அனுப்பியிருந்தாய். சொன்னதைவிட, அதை மாமா சிரித்துக்கொண்டே சொன்னதுதான் சுருக்கென்றது. வராததற்குக் காரணம் இருக்கிறது. கொஞ்சம் பொறுமையாகப் படி.

அச்சகத்தில் கணினிகளைப் பார்த்துக்கொள்கிறேன் என்பது உனக்குத் தெரியும், என்ன பார்க்கிறேன் என்பது தெரியாது. புத்தகங்கள், அட்டைப்படங்கள் எல்லாம் ஆளுக்கொன்றாகக் கொடுத்திருக்கும் டிஸ்குகளில் இருக்கின்றன. எந்த டிஸ்க் எவ்வளவு நிறைந்திருக்கிறது என்பது ஒரு கட்டளை போட்டால் திரையில் வரிவரியாக வரும். காலையில் அதைப் பார்ப்பேன், ஒரு கொட்டாவி விடுவேன், மூடிவிடுவேன். லீவு கேட்டுப் போய் நின்றபோது மேலாளர் அம்மா, "நீங்க இல்லாதப்ப டிஸ்க் நிறைஞ்சா யாருக்குத் தெரியும்? எது எப்பலேருந்து நிறையுதுன்னு ஒரு பட்டியல் காட்டுங்க, அப்புறம் லீவப் பத்திப் பேசலாம்" என்றார். நேற்றுத் திரையில் வந்தது நேற்றோடு போயிற்று, பட்டியலுக்கு நான் எங்கே போவேன்? அதனால் திரையில் வரும் எழுத்தைத் தினமும் அப்படியே பிடித்து டேட்டாபேஸில் போட்டு வைப்பது என்று முடிவு செய்தேன். ஒரு கட்டளை கக்குவதை அடுத்த கட்டளையின் வாயில் ஊற்ற வேண்டும். அது துண்டு துண்டாக நறுக்கி, நடுவில் காற்புள்ளி வைத்துக் கொடுக்கும். அதை டேட்டாபேஸ் விழுங்கிக் கட்டம் கட்டமாக அடுக்கிக்கொள்ளும். ஒரே வரி வேலை. மதியத்துக்குள் முடித்துவிட்டு வண்டி ஏறிவிடலாம் என்று பையைக்கூடக் கட்டி மேசைக்கு அடியில் வைத்துவிட்டேன், அக்கா.

அங்கேதான் பிடித்தது சனி. திரையில் டிஸ்குகளுக்கு மேலே தலைப்பு வரி ஒன்று வரும், டிஸ்க் பெயர்களுக்கு மேலே ஃபைல்சிஸ்டம், அப்புறம் அளவு, நிறைந்தது என்று. அதையும் சேர்த்து ஊற்றிவிட்டேன். சில நாள் கழித்து மேலாளர் அம்மா பட்டியலைப் பார்த்து, "இந்த ஃபைல்சிஸ்டம் யாரோட டிஸ்க்? தினமும் வருது, ஒரு நாளும் நிறையல. மத்தவங்களும் இவரப் பாத்துக் கத்துக்கலாம்" என்றார். அந்த ஃபைல்சிஸ்டத்தைக் கூப்பிட்டுப் பாராட்டி ஒரு வார்த்தை பேசச் சொன்னதும்தான் நான் உண்மையைச் சொன்னேன். தலைப்பை வெட்டினேன். அடுத்தது, இடைவெளி வந்த இடமெல்லாம் நறுக்கு என்று சொல்லி வைத்திருந்தேனா, எங்கள் அட்டைப்பட ஓவியர் தன் டிஸ்குக்கு 'புது அட்டை' என்று நடுவில் இடம் விட்டுப் பெயர் வைத்திருந்தார். 'புது' பெயராயிற்று, 'அட்டை' அளவாயிற்று, மற்ற எண்களெல்லாம் ஆளுக்கொரு நாற்காலி தள்ளி உட்கார்ந்தன. பெயரை ஒட்டி எழுதுங்கள் என்று கெஞ்சினேன். "அந்தப் பேர் வச்சதுலேருந்துதான் தம்பி எனக்கு நல்ல நல்ல அட்டையா வருது. கை வைக்காதீங்க" என்றார். கடைசியில் மனிதரை மாற்ற முடியாது என்று தெரிந்து, கட்டளையை மாற்றி எழுதினேன்.

இதெல்லாம் பரவாயில்லை. அதிகமாக நிறைந்த டிஸ்க் முதலில் வரும்படி அடுக்கிக் கேட்டார் மேலாளர் அம்மா. அடுக்கினேன். முதலிடத்தில் பிழைதிருத்துபவரின் டிஸ்க், ஒன்பது சதவீதம். நான் எண்ணைப் பார்க்கவில்லை, அம்மாவும் பார்க்கவில்லை, முதலிடத்தை மட்டும்தான் இரண்டு பேரும் பார்த்தோம். "உடனே காலி பண்ணுங்க" என்று உத்தரவு போயிற்று. பாவம், அந்த மனிதர் தன் மொட்டைமாடித் தொட்டிச்செடிகளை ஒவ்வொரு இலையாகப் படம் பிடித்து வைத்திருந்தார். ஒவ்வொன்றையும் கடைசியாக ஒரு தடவை பார்த்துப் பார்த்து அழித்தார். டிஸ்க் ஏழுக்கு இறங்கியது, பட்டியலிலும் ஓரிடம் இறங்கியது. "பாத்தீங்களா, ஒழுங்கு வந்துடுச்சு" என்று அம்மாவுக்கு ஏக சந்தோஷம். அதே மதியம் ஓவியர், "தம்பி, அட்டை சேவ் ஆக மாட்டேங்குது" என்று ஓடி வந்தார். அவர் டிஸ்க் நூறு சதவீதம் நிறைந்து, பட்டியலின் கடைசியில் பரம சாதுவாக உட்கார்ந்திருந்தது.

விஷயம் இதுதான். சதவீதக் குறியையும் சேர்த்தே உள்ளே ஊற்றியிருந்தேன். குறி ஒட்டிக்கொண்டிருந்ததால் டேட்டாபேஸ் அதை எண்ணாகவே மதிக்கவில்லை, சொல்லாக எடுத்துக்கொண்டு அகராதியில் அடுக்குவதுபோல முதல் எழுத்தைப் பார்த்து அடுக்கிவிட்டது. ஒன்பது பெரிய ஆள், ஒன்றில் தொடங்கும் நூறு சின்ன ஆள். குறியை உரித்துப் போட்டு, இது எண் என்று சொல்லிக் கொடுத்ததும் நூறு எழுந்து ஓடிவந்து முதலிடத்தில் உட்கார்ந்தது. நல்லவேளை, காப்பு நகலில் தொட்டிச்செடிகள் எல்லாம் பத்திரமாக இருந்தன. திரும்பக் கொடுத்தபோது பிழைதிருத்துபவர், "உங்க மேல ரெண்டு நாளாச்சும் கோவமா இருக்கணும்னு நெனச்சேன், முடியல" என்றார். அவரைப் பார்த்து நீ ஏன் கற்றுக்கொள்ளக் கூடாது?

இப்போது பட்டியல் சரியாக இருக்கிறது. எனக்கே அதைத் திறந்து திறந்து பார்க்க ஆசையாக இருக்கிறது. ஆனால் மேலாளர் அம்மா சூடு கண்டவர். "இன்னும் ஒரு மாசம் தப்பில்லாம ஓடட்டும், அப்புறம் போங்க" என்றுவிட்டார். ஆகவே அடுத்த மாதம்வரை வர இயலாது. அவளைத் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டும் என்று மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது, அக்கா. வேண்டுமென்றே வராமலிருக்கிறேன் என்று மட்டும் நினைக்காதே.

மாமாவுக்கு என் வணக்கம், அவர் சிரித்ததற்கு என் மன்னிப்பு. குட்டிக்கு இரண்டு கன்னத்திலும் முத்தம். உனக்கு, கோபம் சீக்கிரம் ஆறட்டும் என்ற வேண்டுதலோடு,

உன் தம்பி.

பின்குறிப்பு: இதை எழுதி உறையில் போடும்போது மேலாளர் அம்மா வந்து, "நீங்க லீவுல போனா இதத் தினமும் யாரு ஓட்டுவா?" என்று கேட்டார். "யாரும் ஓட்ட வேண்டாம்மா, காலைல அதுவே ஓடிக்கும். நிறையப் போகுதுன்னா உங்க போனுக்குச் செய்தி வரும்" என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அப்ப நீங்க இங்க உக்காந்து என்ன பண்றீங்க? கெளம்புங்க" என்றார். கிளம்பிய வேகத்தில் தபாலில் போட மறந்துவிட்டேன். இப்போது உன் வீட்டு வாசலில் நின்று, கதவில் காகிதத்தை வைத்து இதை எழுதுகிறேன். மணி அடித்தால் குட்டி எழுந்துவிடுவாள், போனையோ நீ எடுக்கமாட்டாய். ஆகவே கடிதத்தைக் கதவுக்கு அடியில் தள்ளப்போகிறேன். பின்குறிப்பை முதலில் படி என்று மேலேயே எழுதியிருக்கலாம், இப்போதுதான் தோன்றுகிறது. நீயோ எதையும் முதல் வரியிலிருந்து நிதானமாகப் படிக்கிற ஆள். தூறல் போட ஆரம்பித்துவிட்டது, கதவைத் திற.