முள் ஏறாத மோட்டார் படகு

இனி மெஹராஜைக் கூப்பிடப் போவதே இல்லை என்று முடிவு செய்தேன். கோபித்துக்கொண்டு சேவுகம்பட்டியில் தன் அத்தா வீட்டுக்குப் போன பெண்டாட்டி தானாக வரட்டும். நான் ஆம்பளை! இந்த வீராப்பு மறுநாள் பகல் சாப்பாடு வரைக்கும் தாங்கியது.

சண்டைக்குக் காரணம் என் மோட்டார் படகு. திண்டுக்கல்லில் குடிக்கவே தண்ணீர் கிடையாது, படகு எதற்கு என்கிறீர்களா? எங்கள் நாகல் நகர் முழுக்கக் கேட்டாச்சு. தோல் வாங்கத் தொண்டிப் பக்கம் போன இடத்தில், ஏலத்தில் கிடைத்த பழைய படகு. வைகை அணையைக் கட்டி முடித்துவிட்டார்களே, அதில் விடலாம் என்று ஒரு நினைப்பு. அதுவரை கொல்லையில் கல்லின்மேல் உட்கார்ந்திருந்தது. அவ்வப்போது முடுக்கிப் பார்ப்பேன்; எஞ்சின் சூடாகாமலிருக்கத் தண்ணீர் ஓட வேண்டும். மெஹராஜ் கல்யாணச் சீராகக் கொண்டுவந்த பிரியாணி அண்டாவில் குழாயை விட்டேன். அண்டா பூரா எண்ணெய்! அண்டாவோடு பஸ் ஏறிவிட்டாள்.

வீடு ஹோவென்று ஆகிவிட்டது. சோறு ஆக்கினால் குழைந்தது. பேச ஆளில்லாமல் படகோடு பேசினேன். நிசமாகச் சொல்கிறேன், ஒருநாள் அழுகையே வந்துவிட்டது. பாட்டரிக்குச் சார்ஜ் ஏறுகிறதா என்று பார்க்க இரண்டு ஆள் வேண்டும். நான் பின்னால் எஞ்சினை முடுக்குவேன். அவள் முன்னால் உட்கார்ந்து ஆம்பியர் முள்ளைப் பார்த்து, "ஏறுது... இறங்குது..." என்று சத்தம் கொடுப்பாள். இப்போது யார் கொடுப்பது?

அதில்தான் யோசனை பிறந்தது. டைனமோவிலிருந்து பாட்டரிக்குப் போகும் ஒயரை நானே கழற்றினேன். சேவுகம்பட்டி பஸ் கண்டக்டர் நாச்சிமுத்துவிடம் சொல்லி அனுப்பினேன். "சார்ஜ் ஏறல. முள்ளப் பாக்க ஆளில்ல. ஒரு எட்டு வந்துட்டுப் போகச் சொல்லு." கூப்பிடவில்லை, கவனியுங்கள். வேலைக்கு ஆள் கேட்டேன். வந்த பிறகு கோளாறு தேடுவதை இழுத்துக்கொண்டே போகலாம்.

பெட்டியோடு வந்து இறங்கினாள். கூடவே உடையப்பன், அந்த ஊர்ச் சம்சாரி, பூந்தோட்டக்காரர். துணைக்கு வந்திருக்கிறார் என்று மோர் கொடுத்தேன்.

"என்னென்ன பாத்தீங்க?" என்றாள்.

"பெல்ட்டு தொளதொளன்னு இருக்கும்போல."

அமுக்கிப் பார்த்தாள். "வெறப்பாத்தான் இருக்கு."

"பாட்டரியில தண்ணி வத்தியிருக்கும்."

"அதும் நெறைய இருக்கு."

"அப்ப டைனமோவப் பிரிச்சுத்தான் பாக்கணும். ரொம்ப நாளாகும். நீ வேணும்னா கொஞ்ச நாளு தங்கி..."

"இந்தா தொங்குதே, இது என்ன?"

"ஒயரு."

"ஏன் தொங்குது?"

"எலி இழுத்திருக்கும்."

"எலி ஸ்பானர் புடிச்சு நட்டக் கழட்டி, தொலையாம கிண்ணத்துல வேற எடுத்து வச்சிருக்கு. பொறுப்பான எலிதான்!"

உடையப்பன் மோரைச் சிந்திவிட்டார். இனி மறைத்து என்ன?

"நான்தான் கழட்டுனேன் மெஹராஜ். நீயில்லாம இருக்க முடியல."

"அப்ப எஞ்சின்ல கோளாறு?"

"ஒண்ணுமே கெடையாது! தங்கமா ஓடும். அல்லா அறியச் சொல்றேன்!"

ஒயரை மாட்டினாள். நான் முடுக்கினேன். "ஏறுது!" என்றாள். அந்தக் குரலைக் கேட்டதும் வயிறே நிறைந்துவிட்டது.

அவளோ உடையப்பன் பக்கம் திரும்பினாள். "கேட்டீங்கள்லண்ணே? அவரு வாயாலயே சொல்லிட்டாரு. கெணத்துல தண்ணி எறைக்க இந்த எஞ்சினத் தாராளமா எடுத்துக்கங்க."

"சந்தோசம் தங்கச்சி. சார்ஜ் ஏறலேன்னு கண்டக்டர் சொல்லவும், வாங்குற பேச்ச விட்ரலாம்னு இருந்தேன்" என்றார் உடையப்பன்.

ஆக, ஊரில் உட்கார்ந்தே என் படகை விலை பேசியிருக்கிறாள்! திருதிருவென்று விழித்தேன். போகட்டும், படகு போனால் என்ன, பெண்டாட்டி வந்தாளே!

"இங்கயே இருந்துருவீல்ல?"

"இருக்காம? என் வீடுதான."

எனக்குத் தலைகால் புரியவில்லை.

"நீங்க கெளம்புங்க" என்றாள்.

"எங்க?"

"அண்ணனுக்கு இத ஓட்டத் தெரியாது. மழ வாரவரைக்கும் கெணத்தடியில தங்கி நீங்க ஓட்டிக் குடுப்பீங்கன்னு வாக்குக் குடுத்துட்டேன். முள்ளப் பாக்க எங்க அத்தா வருவாரு."

இந்த வருசம் பார்த்து மழையைக் காணோம். கிணற்றடியில் நான் முடுக்குகிறேன், மாமனார் முள்ளைப் பார்க்கிறார். அவர் என்னோடு பேசுவதில்லை. ஏறினால் ஒரு விரலைத் தூக்கிக் காட்டுவார்.