அல்ட்ரா போனின் ஈசானி மூலை

ஸெனோரா பதினொன்று அல்ட்ரா என்ற புதுப் போன் கோயமுத்தூர்க் கடைகளுக்கு வந்து சேர்ந்தது வியாழக்கிழமை. அதற்குத் தோஷம் வந்து சேர்ந்தது ஞாயிற்றுக்கிழமை. பிறந்த குழந்தைக்கு ஜாதகம் எழுதக்கூட இதைவிடக் கூடுதலாக நாள் எடுத்துக்கொள்வார்கள்.

தோஷத்தைக் கண்டுபிடித்துக் கொடுத்தவர் அலைவரிசைச் சித்தர். ஞாயிறுதோறும் கருமத்தம்பட்டியில் ஒரு கல்யாண மண்டபத்தைப் பிடித்து உட்கார்ந்துகொள்வார். சந்தைக்கு எந்தப் புதுப் போன் வந்தாலும், ராகு காலம் கழித்துப் பெட்டியைப் பிரித்து 'முதல் பார்வைப் பலன்' சொல்வார். ஊரெல்லாம் கேமரா எப்படி, பேட்டரி எப்படி என்று வீடியோ போட்டுக்கொண்டிருக்க, இந்தப் போன் குடும்பத்துக்கு ஆகுமா ஆகாதா என்று போட்டவர் அவர் ஒருவர்தான். சும்மா சொல்லக்கூடாது, பிழைக்கத் தெரிந்த மனிதர். முன்பு மோகன்குமார் என்ற பெயரில் உக்கடம் பஸ் ஸ்டாண்டு பக்கம் போனுக்கு டெம்பர் கிளாஸ் ஒட்டிக்கொண்டிருந்தார். அவர் ஒட்டினால் கண்ணாடிக்குள் குமிழி நிற்கும். சித்தராகிவிட்டால் குமிழிக்கும் ஒரு பலன் சொல்லிவிடலாம் அல்லவா?

அன்றைக்கு மண்டபத்தில் எள் போட்டால் எள் விழாது. சோமனூரிலிருந்தும் அன்னூரிலிருந்தும் வேன் வைத்து வந்திருந்தார்கள். தறி ஓட்டுகிறவர், தோட்டம் வைத்திருக்கிறவர், காலேஜ் வாத்தியார், எல்லாரும் இருந்தார்கள். படித்தவர்களுக்கு முன்வரிசை. ஏமாறுவதிலும் ஒரு மரியாதை வேண்டாமா?

அந்த முன்வரிசையில் சரவணன் உட்கார்ந்திருந்தான். சிங்காநல்லூரில் சொந்தமாக லேத்துப் பட்டறை வைத்திருக்கிறான். மோட்டார் பாடியை ஒற்றை ஆளாகத் தூக்கி மேடையில் வைக்கும் கை. வெள்ளிக்கிழமைதான் நிச்சயதார்த்தம் முடிந்திருந்தது. வைகாசியில், இன்னும் மூன்று வாரத்தில், கல்யாணம். பெண்ணுக்கு மாப்பிள்ளை வீட்டுப் பரிசாக அந்த அல்ட்ரா போனைத்தான் அவன் வாங்கிக் கொடுத்தான். கடையில் அதைக் கையில் எடுத்ததுமே சொக்கிப்போய்விட்டான். டைட்டானிய விளிம்பில் விரலை ஓட்டினால் ஓரிடத்திலும் பிசிறு இல்லை. இந்த அளவுக்குக் கடைசல் பிடிக்க எத்தனை பேர் எத்தனை நாள் மண்டையை உடைத்துக்கொண்டார்களோ என்று நினைத்தான். பின்னாலிருக்கும் கேமரா வட்டம் மட்டும் துருத்திக்கொண்டிருந்ததால் மேஜையில் வைத்தால் லேசாக ஆடும். அவனுக்குத் தெரிந்து அதற்கிருந்த குறை அது ஒன்றுதான்.

சித்தருக்கோ குறை மட்டுமே கண்ணில் பட்டது. அவனுடைய அம்மா குழந்தையம்மாள், "சாமிகிட்ட ஒரு எட்டு காட்டிப்போட்டு வந்துரலாங் கண்ணு" என்று மருமகளாகப் போகிறவளையும் போனையும் சேர்த்தே கூட்டிவந்திருந்தார். சித்தர் போனை மஞ்சள் துணியில் வாங்கி, உள்ளங்கையில் கிடத்தி, ரொம்ப நேரம் பார்த்தார். அவருடைய ருத்திராட்சத்துக்குக் கீழே ஸ்மார்ட் வாட்ச் மினுங்கியது.

"பின்னாடி மூணு கண்ணு, முன்னாடி ஒரு கண்ணு. ஆக நாலு. நாலு ஆருது? ராகுவுது. மேல பாருங்கொ, கேமரா மேடு எந்த மூலைல ஏறி நிக்குது? ஈசானில! ஈசானி மூல ஒசந்தா அந்த ஊடு வெளங்குமா?"

"வெளங்காதுங்க சாமி!" என்றது மண்டபம்.

போனைத் திருப்பிப் பிடித்தால் ஈசானியும் கூடவே திரும்பிவிடுமே என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டால் சாமி குற்றம்.

"ஆகாசத்துல சுத்தற சாட்டிலைட்டோட நேராப் பேசுமாம் இந்தப் போனு. கிரகத்துக்கும் மனுசனுக்கும் நடுவுல புகுந்தா கிரகம் சும்மா உடுமா? வா தம்பி மேடைக்கு."

சரவணன் ஏறினான். இடது கையில் போனைக் கொடுத்து நெஞ்சோடு வைத்துக்கொள்ளச் சொன்னார். வலது கையைப் பக்கவாட்டில் நீட்டச் சொன்னார். இரண்டே விரல் வைத்து அழுத்தினார். மோட்டார் தூக்கும் கை பொத்தென்று விழுந்தது. கூட்டம் 'ஐயோ' என்றது. போனின் முதுகில் 'அலைக்கவசம்' என்ற தகட்டு ஸ்டிக்கரை ஒட்டி மறுபடி அழுத்தினார். கை அசையவில்லை. கூட்டம் கைதட்டியது.

முதல் தடவை மணிக்கட்டில் அழுத்தினார், இரண்டாம் தடவை முழங்கைப் பக்கம் அழுத்தினார். சரவணனுக்கு அது தெரிந்தது. நெம்புகோலின் நுனியில் தள்ளுவதற்கும் அடியில் தள்ளுவதற்கும் உள்ள வித்தியாசம் லேத்துக்காரனுக்குத் தெரியாமலா இருக்கும்? ஆனால் ஆயிரம் பேர் கைதட்டும்போது ஒரு ஆள் எப்படி வாயைத் திறப்பது? மூடிக்கொண்டான்.

கவசத்தோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. சித்தர் குழந்தையம்மாளைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "மத்தவங்களுக்குக் கவசம் போதுமுங்க. இது கல்யாணப் போனு. வாங்கிக் குடுத்தவனும் வாங்கிக்கிட்டவளும் ஒண்ணு சேந்தா மாமியாக்காரிக்கு மூணு மாசம் தாங்காது. போன என்கிட்ட ஒப்படைச்சுப்போட்டு, கல்யாணத்த ஒரு வருசம் தள்ளுங்கொ. பொண்ணு ஒத்துக்கலீன்னா வேற பொண்ணு பாருங்கொ."

குழந்தையம்மாளுக்கு முகம் வெளுத்துவிட்டது. "அம்முணி, போன சாமிகிட்டக் குடுத்துரு" என்றார்.

"குடுக்க மாட்டனுங்க அத்தே" என்றாள் கல்யாணப்பெண் நந்திதா. கோவையில் ஒரு நூல் மில்லின் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்க்கும் பெண். சத்தம் போட்டுப் பேசவில்லை. அதுதான் குழந்தையம்மாளுக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது.

"இப்பவே பேச்சுக் கேக்கலீன்னா நாளைக்கு எப்படிக் கேப்ப? சரவணா, இந்தக் கல்யாணம் வேண்டாங் கண்ணு. நானு செத்துப்போனா உனக்குச் சரீன்னா நீ கட்டிக்க."

நந்திதா சரவணனைப் பார்த்தாள். சரவணன் தன் வலது கையைப் பார்த்தான். கை என்ன சொல்லும்? வாய்தான் சொல்ல வேண்டும், அது அம்மா பிள்ளையாக இருந்தது.

நந்திதா குழந்தையம்மாள் பக்கம் திரும்பினாள். "ஏனுங் அத்தே, நம்ம கல்யாணத்துக்கு அம்மன்கிட்டப் பூ போட்டுக் கேட்டீங்கல்ல?"

"கேட்டேன். வெள்ளப்பூ வந்துச்சு. அதுக்கென்ன?"

கொங்கு நாட்டில் இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வெள்ளைப்பூ ஒரு பொட்டலம், சிவப்புப்பூ ஒரு பொட்டலம், எது எதுவென்று தெரியாதபடி ஒன்றுபோல மடித்து அம்மன் காலடியில் போட்டு, ஒன்றை எடுப்பார்கள். வெள்ளை வந்தால் உத்தரவு. கல்யாணமோ கிணறோ, பூ கேட்காமல் கை வைக்க மாட்டார்கள். அம்மனுக்கே பொட்டலத்தை மூடித்தான் வைப்பது வழக்கம். சித்தருக்கு மட்டும் எல்லாவற்றையும் திறந்தே காட்டியிருந்தார்கள்.

"அம்மன் ஆகுமின்னுச்சு. சாமி ஆகாதுங்கறாரு. அப்ப சாமிகிட்டயும் பூ கேக்கற மாதிரியே கேட்டுப் பாத்துரலாமுங்க. ஆறு பொட்டலம். சிலதுல கவசம் ஒட்டுன போனு, சிலதுல ஒட்டாத போனு. சாமி அதே மாதிரி கைய அமுத்திப் பாத்து எதுல கவசம் இருக்குதுன்னு சொல்லட்டும். எடுத்துக் குடுக்கறது நீங்க. ஆறும் சரியாச் சொல்லீட்டார்னா போன நானே அவரு கைல குடுத்துப்போடறேன். கல்யாணமும் வேண்டாமுங்க" என்றாள் நந்திதா.

"இதென்ன, சாமியச் சோதிக்கறதா?" என்று சித்தர் எழுந்தார்.

"பூ கேக்கறது சோதிக்கறதாங்க சாமி?" என்று முன்வரிசைக் கிழவர் ஒருவர் அப்பாவியாகக் கேட்டார். "அம்மனே கோவிச்சுக்கறதில்லீங்களே."

கூட்டம் 'அதானே' என்றது. குழந்தையம்மாளே புடவையைச் செருகிக்கொண்டு முன்னால் வந்துவிட்டார். "நானே எடுத்துக் குடுக்கறனுங்க சாமி. உங்க வாக்கு பொய்க்குமா?" பக்தை இப்படிக் கையைப் பிடித்து இழுத்தால் எந்தச் சாமிதான் தப்பிக்க முடியும்? சித்தர் உட்கார்ந்தார்.

நந்திதாவோடு கூட வேலை செய்யும் சாஜிதா பேகம் துணைக்கு வந்திருந்தாள். கூட்டத்தில் இதே அல்ட்ரா வைத்திருந்த ஐந்து பேரிடம் போனும், சித்தரின் மேஜையிலிருந்து மூன்று கவசமும் வாங்கிக்கொண்டு மண்டபத்துச் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நந்திதா வெளியிலேயே நின்றாள். "எதுல என்ன இருக்குதுன்னு எனக்கும் தெரியக்கூடாதுங்க. லேப்ல நூலு எந்த மில்லுதுன்னு மறைச்சுத்தான் எங்ககிட்டத் தருவாங்க. தெரிஞ்சா நம்ம கையே ஒரு பக்கம் சாஞ்சுருமில்ல" என்றாள். கொஞ்ச நேரத்தில் கதவு ஒரு சாண் திறந்து ஒரு தாம்பாளம் வெளியே வந்தது. ஆறு பொட்டலம். ஒரே நியூஸ் பேப்பர், ஒரே மடிப்பு, மேலே ஒன்று முதல் ஆறு வரை எண். கதவு மூடிக்கொண்டது.

குழந்தையம்மாள் கண்ணை மூடிக் கும்பிட்டு ஒன்றை எடுத்து மகனின் இடது கையில் கொடுத்தார். சரவணன் வலது கையை நீட்டினான். சித்தரின் விரல் மணிக்கட்டுக்கும் முழங்கைக்கும் நடுவே வழி தெரியாத ஆளைப்போல அலைந்தது. கடைசியில் முழங்கைப் பக்கம் நின்றது. "கவசம் இருக்குது" என்றார். அடுத்தது மணிக்கட்டு. "இல்ல." அடுத்தது முழங்கை. "இருக்குது." நெற்றியில் விபூதி கரைந்து ஓடியது. நான்காவது "இல்ல". ஐந்தாவதும் "இல்ல".

கடைசிப் பொட்டலம். இத்தனை நேரம் பதுங்கியாயிற்று, ஒரு தடவையாவது பாய்ந்தால்தான் மானம் தப்பும் என்று சித்தர் நினைத்தாரோ என்னவோ, பல்லைக் கடித்துக்கொண்டு மணிக்கட்டில் ஓர் அழுத்து அழுத்தினார். சரவணனின் கை தொடையில் போய் அடித்தது. சித்தர் அலறினார்.

"ஐயோ! இதுதான் மகா தோஷம்! அக்கினி மாதிரி அலை அடிக்குது! இந்தப் போன் இருக்கற ஊட்டுல தாலி ஏறாது, தொட்டில் ஆடாது! ஆருதுங்க இது? இப்பவே என்கிட்ட ஒப்படைச்சுருங்கொ!"

போன் கொடுத்த ஐந்து பேரும் பதறி எழுந்துவிட்டார்கள். ஒரு அம்மா அழவே ஆரம்பித்துவிட்டார்.

எந்த எண்ணில் என்ன இருக்கிறது என்று எழுதிவைத்த சீட்டோடு சாஜிதா பேகம் வெளியே வந்தாள். பொட்டலங்களை ஒவ்வொன்றாகக் குழந்தையம்மாளே பிரித்தார். போன் இருந்த ஐந்தில் சித்தர் சொன்னது சரியாக இருந்தது இரண்டில். கண்ணை மூடிக்கொண்டு யார் சொன்னாலும் அவ்வளவு வரும். ஆறாவதைப் பிரித்தார். உள்ளே நீலமாக ஒரு கட்டி இருந்தது. முகர்ந்து பார்த்தார்.

"என்னுங்க இது, துணி சோப்பு?"

"ஆமாங்க அம்மா" என்றாள் சாஜிதா. "சமையக்கட்டுக் கொழாயடில இருந்துச்சு. எடையும் ஏறக்கொறைய போன் மாதிரியே இருந்துச்சுங்க. அதான் வெச்சேன்."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். பிறகு மண்டபமே சிரித்தது. "பேப்பர்ல அச்சு மை இருக்குது, அது சக்திய இழுத்துப்போட்டுது" என்று சித்தர் என்னவோ சொல்லிப் பார்த்தார். அதற்குள் காசு கொடுத்து வாங்கிய கவசங்களைத் திருப்பிக் கொடுக்க ஒரு கூட்டமும், காணிக்கையைத் திருப்பிக் கேட்க ஒரு கூட்டமும் மேடையேறிவிட்டன. ஒருவர் மட்டும், இந்தக் கவசத்தைச் சோப்பில் ஒட்டினால் வேட்டி நன்றாக வெளுக்குமா என்று விசாரித்துக்கொண்டிருந்தார். நாட்டில் அப்படியும் ஒருவர் எப்போதும் இருப்பார்.

குழந்தையம்மாள் சோப்பைக் கையில் வைத்துக்கொண்டே நந்திதாவிடம் வந்தார். "தப்பு என்னுதுதான் கண்ணு. சாகப் பயந்துபோட்டு உன்ன வேண்டாமுன்னுட்டேன். அதே தேதில வெச்சுக்கலாம்."

நந்திதா சரவணனிடம் கேட்டாள். "ஏனுங், மொதத் தடவ அமுத்துனப்பவே அவரு எங்க அமுத்தறாருன்னு உங்களுக்குத் தெரிஞ்சுதுங்களா?"

பொய் சொல்ல வாய்ப்பிருந்தது. சரவணன் சொல்லவில்லை. "தெரிஞ்சுது."

"அப்பறம் ஏனுங்க சொல்லல? அந்தாளுக்கு இது பொழப்பு. உங்களுக்கு என்ன?"

அவனுக்குக் காது வரைக்கும் சுட்டது. மேடை மேல் ஏறிச் சித்தரின் மைக்கை எடுத்தான். "ஏனுங்க, எல்லாரும் கொஞ்சம் கேளுங்க. மொத தடவயும் ஏமாத்துதானுங்க. மணிக்கட்டுல அமுத்துனா விழும், முழங்கைல அமுத்துனா விழாது. உங்க ஊட்டுல கொழந்தைய அமுத்தச் சொல்லிப் பாருங்க. எனக்கு அப்பவே தெரியுமுங்க. நீங்க கைதட்டுனீங்க, நானு வாய மூடிக்கிட்டேன். என் கல்யாணமே போகப் பாத்துது."

நந்திதா கீழேயிருந்து தலையசைத்தாள். தேதி மாறவில்லை.

அலைவரிசைச் சித்தர் பின்வாசல் வழியாகப் போய்விட்டார். வேறு ஊரில் வேறு பெயரில் வேறு போனுக்குப் பலன் சொல்லிக்கொண்டிருப்பார். ஐயா, அம்மா, ஒரு போனுக்குள் அறிவை வைக்க உலகத்தில் எத்தனையோ பேர் ராப்பகலாக மூளையைக் கசக்கியிருக்கிறார்கள். அதை வாங்க நேரமிருக்கும் உங்களுக்கு, உங்கள் மண்டைக்குள் சும்மா கிடப்பதை ஒரு தடவை ஆன் செய்து பார்க்க நேரமில்லையா? சார்ஜர்கூட வேண்டாமுங்க!